பழைய பாய்லர் ஓய்கிறது, அடுத்து எதை வைப்பது?

பனிக்காலக் கவலை எழுதியது:

எங்கள் வீட்டைச் சூடாக்கும் எரிவாயு பாய்லருக்கு வயது 22. போன குளிர்காலத்தில் மூன்று முறை படுத்துவிட்டது. மூன்றாம் முறை பழுது பார்க்க வந்தவர், "இதற்கு மேல் இதில் மாற்ற என்னிடம் உதிரிபாகம் இல்லை" என்று கையை விரித்துவிட்டார். புதிது வாங்கியே ஆக வேண்டும்.

எதை வாங்குவது என்று கேட்டால் வீட்டில் ஆளுக்கொரு பேச்சு. தோழி வீட்டில் வெறுங்காலோடு நடந்துவிட்டு வந்த நாளிலிருந்து மனைவிக்குத் தரையடிச் சூடுதான் வேண்டும். எனக்கு ஹீட் பம்ப் (வெளிக்காற்றின் சூட்டை மின்சாரத்தால் வீட்டுக்குள் கொண்டுவரும் கருவி) மேல் ஆசை. மகனுக்கு விறகடுப்பு. அம்மா மட்டும், "எதை வேண்டுமானாலும் வையுங்கள், என் முதுகில் குளிர் அடிக்காமல் இருந்தால் போதும்" என்கிறார். தெர்மோஸ்டாட் (அறை வெப்பத்தை அளந்து கட்டுப்படுத்தும் கருவி) 21 டிகிரி காட்டும்போதும் அவர் சால்வையைக் கழற்றுவதில்லை.

வீட்டு விவரம்: 120 சதுர மீட்டர், இரண்டு தளம், செங்கல் சுவர். கூடத்தில் இருக்கும் பெரிய ஜன்னலுக்கு ஒற்றைக் கண்ணாடி, மற்றவற்றுக்கு இரட்டை. எல்லா அறையிலும் ரேடியேட்டர் (பாய்லரின் சுடுநீர் ஓடி அறையைச் சூடாக்கும் தகடு) உண்டு. கடுங்குளிரில் வெளியே மைனஸ் 10 வரை போகும். எனக்குச் சுழற்சிப் பணி. மனைவியும் மகனும் காலையில் கிளம்பினால் மாலையில்தான் வருவார்கள். அம்மா நாள் முழுவதும் வீட்டில் இருப்பார்.

விலை கேட்க வந்த ஒரு நிறுவனத்தின் ஆள் பத்து நிமிடம் சுற்றிப் பார்த்துவிட்டு, "28 கிலோவாட் பாய்லர் போட்டுவிடலாம்" என்றார். குறிப்பேட்டைக்கூடத் திறக்கவில்லை. சரியா இது?

எண்ணிக்கை எழுதியது:

சரியில்லை. ஹீட் பம்ப் வாங்குங்கள், விஷயம் முடிந்தது. ஒரு யூனிட் (கிலோவாட்-மணி) மின்சாரம் கொடுத்தால் மூன்று யூனிட் சூடு தருகிறது. மீதி இரண்டு யூனிட் வெளிக்காற்றிலிருந்து இலவசமாக வருகிறது. எரிவாயுவை எரித்து ஒன்றுக்கு ஒன்றுகூட எடுக்க முடியாது.

மூன்றாம் மாடி எழுதியது:

"விஷயம் முடிந்தது" என்று ஆரம்பிக்கிற இழைகள்தான் இங்கே நூறு பதிவு வரை ஓடுகின்றன.

குழாய்க்காரன் எழுதியது:

இருபத்தைந்து ஆண்டுகளாக இந்த வேலையில் இருக்கிறேன் தம்பி. எந்தக் கருவி என்பதை எல்லோரும் முதலில் கேட்கிறார்கள். நான் அதைக் கடைசியாகத்தான் பேசுவேன். உங்கள் பதிவில் எனக்கு மிகவும் பயன்பட்ட வரி அம்மா சொன்னதுதான். அவர் எங்கே உட்காருகிறார்? அந்த ஒற்றைக் கண்ணாடி ஜன்னலுக்கு முதுகைக் காட்டித்தானே?

பனிக்காலக் கவலை எழுதியது:

ஆமாம் ஐயா! எப்படிக் கண்டுபிடித்தீர்கள்? அங்கேதான் படிக்க வெளிச்சம் நன்றாக இருக்கும் என்று நாற்காலியைப் போட்டிருக்கிறார்.

குழாய்க்காரன் எழுதியது:

இதில் மந்திரம் ஏதும் இல்லை. தெர்மோஸ்டாட் காட்டுவது காற்றின் வெப்பத்தை. உடம்பு உணர்வதில் பாதிதான் அது. மறுபாதி, சுற்றியுள்ள பரப்புகள் எவ்வளவு சூடாக, எவ்வளவு குளிராக இருக்கின்றன என்பது. வெளியே 0, உள்ளே 20 என்று வையுங்கள். ஒற்றைக் கண்ணாடியின் உட்பரப்பு 5 டிகிரிக்கு அருகில் நிற்கும். பழைய இரட்டைக் கண்ணாடி என்றால் 12, 13. இப்போது வரும் பூச்சுள்ள இரட்டைக் கண்ணாடி என்றால் 17. அம்மாவின் முதுகு ஐந்து டிகிரிப் பரப்பைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. முதுகின் சூடு அந்தப் பக்கம் போய்க்கொண்டே இருக்கிறது. அதோடு, கண்ணாடியை ஒட்டிக் குளிர்ந்த காற்று கனத்துக் கீழே வழிந்து கணுக்காலில் வந்து அடிக்கும்.

தெர்மோஸ்டாட்டை 24க்கு ஏற்றினாலும் இது போகாது. மற்றவர்களுக்கு வியர்க்கும், அம்மாவுக்குக் குளிரும்.

இன்றைக்கே இரண்டு வேலை செய்யுங்கள். நாற்காலியை உட்சுவர்ப் பக்கம் மாற்றுங்கள். பிறகு, மெல்லிய காகிதக் கைக்குட்டையைக் கிழித்து ஒரு கீற்றை ஜன்னல் ஓரங்களிலும் கதவடியிலும் பிடித்துப் பாருங்கள். ஆடுகிற இடத்தில் எல்லாம் காற்று கசிகிறது.

எண்ணிக்கை எழுதியது:

ஐயா சொல்வதில் தவறில்லை. ஆனால் நாற்காலியை நகர்த்துவது வெப்பமூட்டல் ஆகாதே.

குழாய்க்காரன் எழுதியது:

காசு செலவில்லாத எதுவும் வெப்பமூட்டல் ஆகாது என்றுதான் விற்க வருகிறவரும் நினைக்கிறார்.

விறகுவெட்டி எழுதியது:

மகனுக்கு ஆதரவாக நானாவது பேசுகிறேன். பதினோரு ஆண்டுகளாக விறகடுப்போடு வாழ்கிறேன். அதன் முன்னால் உட்காரும் சுகம் எந்த ரேடியேட்டரிலும் கிடையாது. மின்சாரம் போனால் ஊரே விறைக்கும், என் வீடு விறைக்காது. பாய்லர் எரிவாயுவில் ஓடினாலும் அதன் விசிறிக்கும் பம்புக்கும் மின்சாரம் வேண்டும் என்பதைப் பலர் முதல் மின்தடையில்தான் அறிகிறார்கள்.

ஆனால் பையனிடம் கணக்கையும் சொல்லிவிடுங்கள். காய்ந்த விறகு ஒரு கிலோவில் சுமார் 4 யூனிட் இருக்கிறது. நல்ல அடுப்பு அதில் முக்கால் பங்கை வீட்டுக்குள் தரும். கடுங்குளிர் நாளில் உங்கள் வீட்டுக்கு 100 யூனிட் தேவை என்றால் ஒரு நாளைக்கு 33 கிலோ. அதை வெட்டி, பிளந்து, ஓராண்டு இரண்டாண்டு காய வைத்து, அடுக்கி, உள்ளே தூக்கி வர வேண்டும். சாம்பல் அள்ள வேண்டும். ஆண்டுதோறும் புகைபோக்கியைச் சுத்தம் செய்ய வேண்டும். ஈரப்பதம் 20 சதவீதத்துக்கு மேல் போனால் சூடு குறையும், புகைபோக்கிக்குள் கரிப்பிசின் படியும், ஒருநாள் அதுவே பற்றிக்கொள்ளும்.

எனக்கு இது பிடிக்கும். காலையில் கோடரி எடுக்காவிட்டால் எனக்கு நாள் தொடங்காது. பையன் காலையில் எத்தனை மணிக்கு எழுகிறான்?

பனிக்காலக் கவலை எழுதியது:

மூன்று முறை எழுப்பிய பிறகு.

விறகுவெட்டி எழுதியது:

புரிந்தது.

மூன்றாம் மாடி எழுதியது:

தம்பி, தரையடிச் சூடு பற்றி என் கதையையும் கேளுங்கள். முன்பு இருந்த வீட்டில் அதுதான். தடித்த காரைக்குள் குழாய் ஓடும். மனைவி சொல்வது முற்றிலும் உண்மை, காலுக்கு அப்படி ஒரு இதம். சுவரில் ரேடியேட்டர் இல்லாததால் அலமாரியை எங்கே வேண்டுமானாலும் போடலாம். சத்தம் இல்லை, தூசி பறக்காது.

நாங்களோ காலை ஏழு மணிக்குக் கிளம்பி இரவு எட்டுக்கு வருகிறவர்கள். ஆள் இல்லாதபோது எதற்குச் சூடு என்று காலையில் குறைத்துவிட்டுப் போவேன். மாலை ஏழு மணிக்குத் தானாக ஏறும்படி அமைத்திருந்தேன். எட்டு மணிக்கு வந்தால் தரை அப்போதுதான் கண் விழிக்கும். பத்து மணிக்கு இதமாகும். நள்ளிரவில், நாங்கள் போர்வைக்குள் போன பிறகு, உச்சத்தில் இருக்கும். வசந்தத்தில் இன்னொரு கூத்து. இரவு குளிர்கிறதே என்று தரை சூடேறும். காலை பத்து மணிக்குக் கண்ணாடி வழியாக வெயில் வந்து கொட்டும். தரையை நிறுத்தினாலும் அது நிற்காது. வெளியே 8 டிகிரி, நான் ஜன்னலைத் திறந்துவிட்டு விசிறிக்கொண்டிருப்பேன்.

இப்போது இருக்கும் வீட்டில் சுவரில் மாட்டிய, காற்றை நேராகச் சூடாக்கும் ஹீட் பம்ப். ஓசை உண்டு, காற்று முகத்தில் அடிக்கும், தரை குளிர்ந்துதான் கிடக்கும். ஆனால் உள்ளே நுழைந்து பொத்தானை அழுத்தினால், கோட்டைக் கழற்றி மாட்டுவதற்குள் அறை மாறிவிடுகிறது. என் வாழ்க்கைக்கு அதுதான் ஒத்துவருகிறது. எது நல்ல கருவி என்பதல்ல, உங்கள் வீட்டில் ஆள் எப்போது இருக்கிறார் என்பதுதான் கணக்கு.

எண்ணிக்கை எழுதியது:

அக்கா சொன்னதற்கு எண் கொடுக்கிறேன். 100 சதுர மீட்டர் தரையில் 6 செ.மீ. காரை என்றால் எடை 12 டன். அதை ஒரு டிகிரி உயர்த்தவே சுமார் 3 யூனிட் வேண்டும். ஐந்து டிகிரி உயர்த்த 15, 16 யூனிட். 6 கிலோவாட் கருவி வேறு எதற்கும் சூடு கொடுக்காமல் தரைக்கு மட்டுமே உழைத்தாலும் இரண்டரை மணி நேரத்துக்கு மேல் ஆகும். அக்காவின் தரை சோம்பேறி இல்லை, பாரம் அவ்வளவு.

அதே பாரம் இவருடைய வீட்டில் நல்லதாகிவிடும். அம்மா நாள் முழுவதும் இருக்கிறார். இவர் இரவுப்பணி முடித்துக் காலையில் வந்து தூங்குகிறார். வீடு காலியாக இருப்பதே இல்லை. ஏற்றி இறக்கும் தேவையே இல்லாதவருக்கு மெதுவான சூடு ஒரு குறையா?

பனிக்காலக் கவலை எழுதியது:

இந்தக் கோணத்தில் நான் யோசிக்கவே இல்லை. அப்படியானால் மனைவி ஜெயித்தார் என்று எடுத்துக்கொள்ளலாமா?

குழாய்க்காரன் எழுதியது:

அவசரப்படாதீர்கள். புது வீடு கட்டுகிறவராக இருந்தால் நானே தரையடிச் சூடு வையுங்கள் என்பேன். ஆள் குடியிருக்கும் வீட்டில் தரையைப் பெயர்க்க வேண்டும், அல்லது இருக்கும் தரைக்கு மேல் இன்னொரு அடுக்கு போட வேண்டும். இரண்டாவதில் கதவுகளை அடியில் அறுக்க வேண்டும், படிக்கட்டின் முதல் படி மட்டும் குட்டையாகிவிடும். முதிய கால்களுக்கு அது ஆபத்து. கீழே வெப்பக்காப்பு போடாமல் குழாய் பதித்தால் மண்ணுக்குத்தான் சூடு. மேலே தடித்த கம்பளம் விரித்தால் அந்தச் சூடும் மேலே வராது. தரைப் பரப்பை 29 டிகிரிக்கு மேல் விடுவதும் இல்லை. விட்டால் பாதம் கனத்து அசௌகரியமாக இருக்கும்.

உங்களிடம் ரேடியேட்டர்கள் இருக்கின்றனவே, அவற்றை முதலில் சோதியுங்கள். அடுத்த கடுங்குளிர் வாரத்தில் பாய்லரிலிருந்து ரேடியேட்டருக்குப் போகும் தண்ணீரை 55 டிகிரிக்கு இறக்குங்கள். (குளிக்கும் தண்ணீருக்குத் தனித் தொட்டி இருந்தால் அதை 60க்குக் கீழே இறக்காதீர்கள், லெஜியோனெல்லா என்ற கிருமி வெதுவெதுப்பான தேங்கிய நீரில் பெருகும்.) எல்லா அறை வால்வுகளையும் திறந்துவிட்டு, இரவும் பகலும் ஓடவிட்டு, அறைக்கு அறை வெப்பமானி வையுங்கள். வீடு தாங்குகிறதா பாருங்கள். தாங்கினால் ஹீட் பம்ப்புக்கு உங்கள் வீடு தயார். தாங்காவிட்டால் எந்த அறை தோற்கிறது என்று தெரிந்துவிடும், அந்த ரேடியேட்டரை மட்டும் பெரிதாக்கலாம்.

எண்ணிக்கை எழுதியது:

ஏன் 55 என்று கேட்பவர்களுக்கு: 75 டிகிரித் தண்ணீர் போய் 65ல் திரும்பும்போது 1000 வாட் தரும் ரேடியேட்டர், 55ல் போய் 45ல் திரும்பினால் ஏறத்தாழ 500 வாட்தான் தரும். பாதி. மறுபுறம், வெளியே 2 டிகிரி இருக்கும்போது 35 டிகிரித் தண்ணீர் தயாரித்தால் ஹீட் பம்ப் மூன்றரை மடங்கு கொடுக்கும். 55 கேட்டால் இரண்டரைக்கு அருகில் இறங்கிவிடும். நான் முதல் பதிவில் "மூன்று" என்று அடித்துவிட்டேன். அதைத் திருத்திக்கொள்கிறேன், மைனஸ் 10ல் 55 டிகிரி கேட்டால் இரண்டை ஒட்டித்தான் இருக்கும்.

மூன்றாம் மாடி எழுதியது:

எண்ணிக்கை தன் எண்ணைத் திருத்திக்கொண்டதைத் திரைப்பிடிப்பு எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

இலையுதிர் எழுதியது:

இடையில் நுழைகிறேன். என் மகளுக்கு மூச்சிரைப்பு. குழாய் வழியாக வெப்பக் காற்றை ஊதும் முறை காற்றை உலர்த்திவிடும், ரேடியேட்டர்தான் நல்லது என்று ஒருவர் சொன்னார். உண்மையா?

குழாய்க்காரன் எழுதியது:

உலர்த்துவது கருவி இல்லை அம்மா, குளிர்தான். 0 டிகிரிக் காற்று வீட்டுக்குள் வந்து 20 ஆகும்போது அதிலிருக்கும் நீர் கூடுவதில்லை. வெளியே 80 சதவீத ஈரப்பதம் என்று இருந்தது உள்ளே 20 சதவீதத்தை ஒட்டி வந்துவிடும். எதைக்கொண்டு சூடாக்கினாலும் இதுதான். ஊதும் முறையில் கூடுதலாக இரண்டு விஷயம் நடக்கிறது. குழாய் இணைப்புகள் ஒழுகினால் வெளிக்காற்று அதிகம் உள்ளே இழுக்கப்படும். தூசியும் கிளம்பும். வடிகட்டியை நேரத்துக்கு மாற்றுகிற வீட்டில் அந்தத் தூசி பிடிபட்டு நல்லதாகவும் முடியும். உங்கள் வீட்டில் அதை யார் மாற்றுவார் என்று நினைத்துப் பார்த்து முடிவெடுங்கள். விறகடுப்பு மட்டும் வேண்டாம், கதவைத் திறக்கும் ஒவ்வொரு முறையும் நுண்துகள் அறைக்குள் வரும்.

விறகுவெட்டி எழுதியது:

இதை மறுக்க மாட்டேன். அதோடு எரிகிற எதை வைத்தாலும், விறகோ எரிவாயுவோ எண்ணெயோ, கார்பன் மோனாக்சைடு எச்சரிக்கைக் கருவி கட்டாயம். வாசனை இல்லாத நஞ்சு அது. தூக்கத்தில் வந்தால் தெரியவே தெரியாது.

பனிக்காலக் கவலை எழுதியது (ஐந்து வாரம் கழித்து):

சோதனை முடிந்தது. முதலில் நாற்காலி. உட்சுவருக்கு மாற்றி, பக்கத்தில் ஒரு விளக்கு வைத்தோம். மூன்றாம் நாள் நான் பணியிலிருந்து வந்தபோது சால்வை நாற்காலிக் கையில் மடித்துக் கிடந்தது. அம்மாவிடம் கேட்டேன், "புழுங்கியது" என்றார். தெர்மோஸ்டாட் அதே 21.

காகிதக் கீற்றோடு வீடு முழுக்க நடந்தேன். ஜன்னல்கள் பரவாயில்லை. மாடியிலிருந்து கூரைக்கு ஏறும் சிறு கதவின் அருகே கீற்று படபடவென்று அடித்துக்கொண்டது. இத்தனை ஆண்டு கூரைக்கு மேலிருக்கும் வானத்தைச் சூடாக்கியிருக்கிறேன். ஓரமெல்லாம் ரப்பர் பட்டை ஒட்டியாயிற்று.

55 டிகிரிச் சோதனை: வெளியே சராசரி மைனஸ் 2 இருந்த வாரம். கூடம் 20.5, எங்கள் படுக்கையறை 20, மகன் அறை 20. பின்பக்க அறை மட்டும் 17ஐத் தாண்டவில்லை. அதில் ஒரே ஒரு சிறு ரேடியேட்டர்.

எரிவாயு அளவியையும் ஒரு முழு நாள் குறித்தேன். 15 கன மீட்டர். எண்ணிக்கை நண்பரே, இதிலிருந்து என் வீட்டுக்கு எவ்வளவு கிலோவாட் வேண்டும் என்று சொல்ல முடியுமா?

எண்ணிக்கை எழுதியது:

இப்படி ஒரு கேள்விக்காகத்தான் இங்கே உட்கார்ந்திருக்கிறேன். ஒரு கன மீட்டர் எரிவாயுவில் சுமார் 10 யூனிட். 15க்கு 150. 22 வயதுப் பாய்லர், 80 சதவீதம் வீட்டுக்கு வந்தது என்று வைப்போம்: 120 யூனிட். 24ஆல் வகுத்தால் 5 கிலோவாட். இது உள்ளுக்கும் வெளிக்கும் 22 டிகிரி வித்தியாசத்தில். மைனஸ் 10க்கு வித்தியாசம் 30 ஆகும்: 5ஐ 30ஆல் பெருக்கி 22ஆல் வகுத்தால் 6.8. இதில் குளிக்கிற தண்ணீரும் சேர்ந்திருப்பதால் வீட்டுக்கு மட்டும் இன்னும் குறைவு. பெரிய ஜன்னல் எத்தனை சதுர மீட்டர்?

பனிக்காலக் கவலை எழுதியது:

ஏறக்குறைய ஆறு.

எண்ணிக்கை எழுதியது:

அதை நல்ல இரட்டைக் கண்ணாடியாக மாற்றினால் கடுங்குளிரில் மட்டும் 800 வாட் மிச்சம். ஆகத் தேவை 6 கிலோவாட். உங்களுக்கு 28 சொன்னவர் நான்கு மடங்குக்கும் மேல் சொல்லியிருக்கிறார்.

குழாய்க்காரன் எழுதியது:

அந்த ஆளுக்காக ஒரு வார்த்தை. தொட்டி இல்லாமல் உடனடியாகக் குளியல் நீர் கொடுக்கும் பாய்லருக்கு 24, 28 வேண்டியிருக்கும். அது தண்ணீருக்கான அளவு. வீட்டுக்கு என்று அவர் சொன்னால்தான் தவறு. ஹீட் பம்ப்பில் இந்தத் தவறைச் செய்தால் இன்னும் கெடுதல். தேவைக்கு மேல் பெரியது ஐந்து நிமிடம் ஓடி நின்று, மறுபடி ஓடி நின்று, தன்னைத்தானே தேய்த்துக்கொள்ளும்.

குளிக்கும் தண்ணீருக்கு ஒரு தொட்டி வைக்க இடம் பார்த்துவிட்டீர்களா? பலர் மறப்பது அதைத்தான். உயரமான ஆள் ஒருவர் நிற்கும் இடம் வேண்டும்.

பனிக்காலக் கவலை எழுதியது (மேலும் மூன்று வாரம் கழித்து):

முடிவெடுத்துவிட்டோம். முதலில் கூடத்து ஜன்னல். பின்பக்க அறைக்கு இரண்டடுக்கு ரேடியேட்டர். பிறகு 6 கிலோவாட் ஹீட் பம்ப், தண்ணீரைச் சூடாக்கும் வகை. துணி அலமாரியைக் காலி செய்து தொட்டிக்கு இடம் ஒதுக்கியாயிற்று. அதற்கு மனைவி கேட்ட விலை: குளியலறைத் தரையில் மட்டும் மின்சாரச் சூட்டுப் பாய். தினமும் காலை ஒரு மணி நேரம் ஓடினால் போதும், மெல்லிய ஓட்டுக்கு அடியில் இருப்பதால் சீக்கிரம் சூடாகிவிடும் என்றார்கள். மனைவிக்குப் பரம திருப்தி.

எரிவாயு பாய்லரையே புதிதாக வாங்கியிருந்தால் கைச்செலவு குறைந்திருக்கும் என்பதை மறைக்கவில்லை. இரண்டையும் வைத்துப் பார்த்தோம். அடுத்த ஆண்டு கூரையில் சூரியத் தகடு போடுகிற எண்ணம் இருப்பதால் இந்தப் பக்கம் சாய்ந்தோம்.

ஒரே ஒரு கேள்வி மிச்சம். ஹீட் பம்ப்பின் வெளியே நிற்கும் பெட்டியை எங்கே வைப்பது? மேற்குச் சுவர், கிழக்குச் சுவர் இரண்டுமே கிடைக்கும்.

மூன்றாம் மாடி எழுதியது:

அண்டை வீட்டுப் படுக்கையறை எந்தப் பக்கம்? முதலில் அதைச் சொல்லுங்கள். எங்கள் குடியிருப்பில் இரண்டு குடும்பங்கள் இந்தப் பெட்டியால் பேச்சை நிறுத்திக்கொண்டன.

குழாய்க்காரன் எழுதியது:

அக்கா சரியாகச் சொன்னார். இரண்டு சுவர் சேரும் மூலையில் வைத்தால் ஓசை எதிரொலித்துப் பெருகும். தரையிலிருந்து ஒரு முழம் உயர்த்துங்கள், பனி குவிந்தால் மூச்சு அடைக்கும். குளிர்ந்த ஈரமான நாளில் அதன் மேல் உறைபனி படியும். அதை உருக்கிக்கொள்ள அவ்வப்போது நின்று, ஆவி கிளம்ப ஒரு பெருமூச்சு விட்டுத் திரும்ப ஓடும். நெருப்பு என்று பயந்து தண்ணீர் ஊற்றிவிடாதீர்கள், ஒருவர் ஊற்றியிருக்கிறார். உருகிய நீர் வழியும் இடம் நடைபாதையாக இருக்கக் கூடாது, உறைந்து வழுக்கும். படுக்கையறை ஜன்னலுக்கு நேர் கீழே கண்டிப்பாக வேண்டாம்.

பனிக்காலக் கவலை எழுதியது:

மேற்கில் அண்டை வீட்டுப் படுக்கையறை. கிழக்கில் எங்கள் நடைபாதையும், அதற்கு மேலே மகனின் ஜன்னலும். விறகடுப்பு இல்லை என்று சொன்னதற்கே இரண்டு நாள் பேசவில்லை.

விறகுவெட்டி எழுதியது:

வடக்கில் என்ன இருக்கிறது?

பனிக்காலக் கவலை எழுதியது:

பின்பக்க அறை. யாரும் படுப்பதில்லை. அளவு எடுத்துவிட்டு வருகிறேன்.